ரங்கூன் பிளாட்பாரத்தில் ஒரு பொங்கி

2019 டிசம்பர் 8, ஞாயிறு - ரங்கூன்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும்வரை காதுக்கு என்னவோ குறைகிற மாதிரியே இருந்தது. டவுனை நெருங்கும்போதுதான் பிடிபட்டது. பைக் கிடையாது. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லையாம். மதுரையில் பைபாஸ் ரோட்டைத் தாண்டிப் பழகியவனுக்கு இது ஒரு சொர்க்கம். ஆனால் கார்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிடுகின்றன. டாக்சிக்கு 8,000 கியாட் கேட்டார், கொடுத்தேன். நம் ஒரு ரூபாய்க்கு இருபது கியாட்டுக்கு மேல் வருகிறது. ஆயிரங்களைக் கேட்டுப் பதறவேண்டாம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாலும் கை பதறத்தான் செய்கிறது.

இன்னொரு கூத்து. 1970-ல் திடீரென்று வண்டியெல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓடவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசி ஜப்பானிலிருந்து வந்த பழையவை. அவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. டிரைவர் முந்தும்போது எதிரே வருவதைப் பார்ப்பது இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நாம்தான். பார்த்து ஒன்றும் செய்ய முடியாது.

தங்குவது அண்ணன் வீட்டில். அம்மாவின் சின்னம்மா வழியில் எனக்கு அண்ணன் முறை. அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டில் வேறு பெயர். அனோரதா சாலையை ஒட்டிய சந்தில் ஐந்தாவது மாடி, லிப்ட் இல்லை. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் கிளிப். பேப்பர், சாவி, கருவேப்பிலை எல்லாம் அதில்தான் மேலே போகின்றன. என்னையும் அப்படி ஏற்றியிருக்கலாம்.

சாயங்காலம் காளி கோயில். 1871-ல் தமிழர்கள் கட்டியது. கோபுரத்தில் நம் ஊர்ப் பொம்மைகள், வாசலில் புறாக்கூட்டம், அதற்குத் தீனி விற்கிற பர்மியப் பெண்கள், அவர்கள் கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து. வெளியே தள்ளுவண்டியில் தோசை. மொறுமொறுவென்று வார்த்து, உள்ளே வேகவைத்த கடலையும் தக்காளியும் வெங்காயமும் தூவி மடித்துக் கொடுக்கிறார்கள். சட்னியைத் தேடாமல் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது. நான் தேடினேன்.

டிசம்பர் 9, திங்கள் - ரங்கூன்

மறுநாள் மோல்மீன் போவதற்கு டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனோம். மண்டலேயிலிருந்து இரவெல்லாம் ஓடி வருகிற வண்டியில் அண்ணனின் கடைக்கு ஒரு பார்சல் வரவேண்டியிருந்தது. அது வழக்கம்போலத் தாமதம். அதனால் பிளாட்பாரத்தில் நெடுநேரம் நின்றோம், இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஸ்டேஷன் தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் மாதிரி. அடுக்கடுக்கான கூரை, நான்கு மூலையிலும் கோபுரம். பிரிட்டிஷ்காரன் 1877-ல் கட்டியது யுத்தத்தில் போய்விட்டது. இது ஊ டின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர் வரைந்து 1954-ல் முடிந்தது. உள்ளே போனால் கோயில் எல்லாம் மறந்துபோகும். பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். தலையில் தாம்பாளம் சுமந்த பெண்கள் காடைமுட்டையும் சமோசாவும் விற்கிறார்கள். நகரைச் சுற்றி ஓடும் வட்டப்பாதை வண்டிக்கு ஒரு பெருங்கூட்டம். அந்தப் பெட்டிகள் ஜப்பானில் ஓடி ஓய்ந்தவை, ஜப்பானிய எழுத்துகளைக்கூட அழிக்கவில்லை. டிக்கெட் 200 கியாட். எங்கும் வெற்றிலைச் சிவப்பு, பார்த்துக் கால் வைக்கவேண்டும்.

மண்டலே வண்டி வந்தது. ஜன்னல் வழியாக மூட்டைகள் முதலில் இறங்கின, அப்புறம் குழந்தைகள், அப்புறம் பெரியவர்கள். இடிபாடு என்றால் அப்படியொரு இடிபாடு. திடீரென்று அந்தக் கூட்டம் நடுவில் பிளந்து வழிவிட்டது.

இறங்கியவர் ஒரு பொங்கி. பர்மாவில் பிட்சுவுக்கு நம் ஆட்கள் சொல்கிற பெயர் அதுதான். நல்ல உயரம், அறுபதுக்கு மேல் வயசு, நம் ஊர்க் கறுப்பு. அரக்குச் சிவப்பு அங்கி, தோளில் பிட்சைப் பாத்திரம், கக்கத்தில் கறுப்புக் குடை. கூட வந்தவர் யாருமில்லை. அழைத்துப்போக வந்தவரும் இல்லை. பொங்கிகளுக்கு வழிவிடுவது இங்கே வாடிக்கை, ஆச்சரியமில்லை. ஆனால் கூட்டம் விட்ட வழியில் போகாமல் அவர் நேராக எங்களை நோக்கி வந்தார். அண்ணன் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்துக் கும்பிட்டார். நான் நின்றுகொண்டேயிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. பாஸ்போர்ட்டும் தண்ணீர் பாட்டிலும் அதில்தான். குனிந்து, விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஸ்ரீ... மீ... ன... ஆ... ட்சி... து..."

ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்து எழுத்தாக. அவ்வளவு ஜனக்கூட்டத்தில் அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'துணை'யில் வந்து நின்றுவிட்டார். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தேகம், கணக்கில் சில்லறை குறைந்த கடைக்காரருக்கு வருமே, அது. "ஐயா, தமிழா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அண்ணன் பர்மியத்தில் பணிவாக ஏதோ கேட்டார். அதற்கு மட்டும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக் காலை மோல்மீன் வண்டியில் போகிறாராம். ரங்கூனில் யாரைப் பார்க்க, எந்த மடத்தில் தங்க, ஒன்றும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அந்தச் சந்து முழுக்க இதே பேச்சு. அண்ணிக்குச் சந்தேகமே இல்லை. "சின்னப் புள்ளையில விட்டுட்டுக் கப்பலேறியிருப்பாங்க" என்றார். அண்ணியின் அப்பா பெகுவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். 1964-ல் ஒருநாள் காலை கடைக்குப் போனால் வாசலில் ராணுவம், உள்ளே கணக்கெடுப்பு. கடை அன்றைக்கே அரசாங்கத்துக்குப் போயிற்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அந்தச் சில வருஷங்களில் மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பிப்போனார்கள். சென்னையின் பர்மா பஜாரும் ஊர் ஊருக்கு இருக்கிற பர்மா காலனிகளும் அப்படி வந்தவைதான். கப்பலில் பாதிக் குடும்பம், கரையில் பாதிக் குடும்பம் என்று ஆன கதைகள் அண்ணியிடம் பத்துப் பதினைந்து இருக்கும்.

கீழ்த்தளத்தில் டீக்கடை வைத்திருக்கிற பாய் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "உளவு பாக்குற ஆளு. எல்லாப் பாஷையும் படிக்கக் கத்துக்குடுப்பாங்க தம்பி, பேச மட்டும் மாட்டாங்க." கோயில் பண்டாரம் மூன்றாவது கட்சி. மோன் இனத்துப் பொங்கியாம், புத்தகயாவுக்குப் படிக்கப் போன இடத்தில் நம் எழுத்தைக் கற்றிருப்பாராம். புத்தகயாவில் தமிழ் எங்கே வந்தது என்று கேட்டேன். அதற்குள் அவருக்கு பூஜைக்கு நேரமாகிவிட்டது.

டிசம்பர் 10, செவ்வாய் - ரங்கூனிலிருந்து மோல்மீன்

திருக்கார்த்திகை. ரயிலில் போகிறவர்களுக்குக் கார்த்திகை இல்லாமல் போகக்கூடாது என்று அண்ணி நாலு மணிக்கே எழுந்து வெல்ல அப்பமும் பொரி உருண்டையும் செய்து மஞ்சள் பையில் வைத்துவிட்டார். காலையில் நல்ல குளிர். அண்ணன் குல்லாய் போட்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரித்த நான் பெகு தாண்டுவதற்குள் துண்டைக் காதில் சுற்றிக்கொண்டேன்.

சாதாரண வகுப்பு, மரப் பலகை, இரண்டாயிரத்துச் சொச்சம் கியாட். வண்டி முன்னால் போவதைவிட மேலும் கீழும் அதிகம் போகிறது. சில இடங்களில் உட்கார்ந்தவாக்கிலேயே பலகையை விட்டு ஒரு சாண் எழும்புகிறோம். இறங்கும்போது பக்கத்திலிருப்பவர் மடியிலா நம் இடத்திலா என்பது அதிர்ஷ்டம். எதிரே இருந்த அம்மா இத்தனைக்கும் நடுவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கும் ஒன்று மடித்து, வலது கையால் நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டபடி கொடுத்தார். இங்கே கடையில் பாக்கிச் சில்லறை தருகிறவர்கள்கூட அப்படித்தான் தருகிறார்கள். வாங்குகிற நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

பொங்கி முன்பெட்டியில் இருப்பதாக அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போய்ப் பேசலாம் என்றேன். "அவங்களாக் கூப்பிட்டாத்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சிட்டாங் ஆற்றைக் கடந்தோம். 1942 பிப்ரவரியில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தன் ஆட்களில் பெரும்பகுதி இன்னும் அக்கரையில் இருக்கும்போதே பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது இந்த ஆற்றில்தான். அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் எஞ்சினும் நின்றுவிட்டது. சுற்றிலும் அறுத்த வயல். யாரும் கோபப்படவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் வயல் வரப்பில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு பெண் சைக்கிளில் கரும்பு கொண்டுவந்து விற்கத் தொடங்கினாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. மாற்று எஞ்சின் வர மூன்று மணி நேரம் என்றார்கள்.

பதினோரு மணி இருக்கும். ஒரு சின்னப் பையன் வந்து அண்ணனைத் தொட்டுக் கூப்பிட்டான். பொங்கி வரச் சொன்னாராம், பையோடு.

பெட்டி காலியாக இருந்தது. அவர் ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பகல் பன்னிரண்டுக்கு மேல் பொங்கிகள் சாப்பிடக்கூடாது என்பதால் அண்ணன் முதலில் அப்பத்தை எடுத்து இரண்டு கையாலும் தூக்கி அவர் கையில் கொடுத்தார். நாமாக எடுத்துக் கொடுத்தால்தான் அவர்கள் வாங்கலாம். முன்னால் வைத்தால் போதாது. ஒன்று சாப்பிட்டார். நன்றாக மென்று, அவசரமில்லாமல். பொரி உருண்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பல் இல்லையோ என்னவோ.

அப்புறம் பையைக் காட்டி அண்ணனிடம் பர்மியத்தில் பேசினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. "பை அடிச்சவன் ரெண்டு எழுத்தத் தப்பாப் போட்டிருக்கானாம். நேத்துலருந்து யோசிச்சிட்டிருக்காராம்."

பலகையில் படிந்திருந்த தூசியில் அவர் எழுதிக் காட்டினார். 'ணை' எழுத முன்னால் தனியாக ஐகாரக் கொம்பு போடவில்லை. எழுத்தோடு ஒட்டித் தும்பிக்கை மாதிரி வளைத்து இழுத்தார். 'னா'வுக்குக் கால் போடாமல் கீழே வாலைச் சுழித்தார். என் தாத்தாவின் கணக்கு நோட்டில் இருக்கிற அதே எழுத்து. எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது. 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆணை போட்டு இந்தப் பழைய வடிவங்களை எல்லாம் மாற்றிவிட்டதே, அதற்கு முன்னால் படிப்பை நிறுத்திய மனுஷர் இவர்.

அச்சுப்பிழை இல்லை, எழுத்தையே மாற்றிவிட்டார்கள் என்று அண்ணன் மூலமாகச் சொன்னேன். யார் மாற்றியது என்று கேட்டார்.

"எம்.ஜி.ஆர்."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம்ஜியாரா?" என்று தமிழில் கேட்டார். முதல்முறையாக அவர் முகம் முழுக்க மலர்ந்தது. அப்புறம் அண்ணனிடம் கடகடவென்று ஒரு கேள்வி. கத்திச்சண்டை போடுகிற நடிகர் எப்படி எழுத்தை மாற்றுவார் என்று கேட்கிறாராம். அவர் 1977-ல் முதலமைச்சர் ஆனார் என்றேன். அதை அவர் நம்பவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அந்தச் சந்தேகப் பார்வை மறுபடி வந்துவிட்டது.

அந்தச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935-லேயே குடிஅரசில் அச்சடித்துக் காட்டிவிட்டார் என்பதையெல்லாம் அங்கே சொல்ல முடியவில்லை. பெரியார் ரங்கூனுக்கே வந்திருக்கிறார். 1954 டிசம்பரில், உலக பௌத்த மாநாட்டுக்கு. அங்கே அம்பேத்கரைச் சந்தித்துப் பேசினார். நேற்று நாங்கள் நின்ற ஸ்டேஷன் கட்டி முடிந்த அதே வருஷம்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். இந்த ரயில்பாதையை ஒட்டிய ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கும்போது பள்ளியின் போர்டை மாற்றினார்கள். தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட 1965-ஐ ஒட்டி இருக்கவேண்டும். வாத்தியார் வரவில்லை. அதோடு சரி. அப்பா, அம்மா, ஊர், எப்படி அங்கி உடுத்தினார், எதுவும் சொல்லவில்லை. நான் அண்ணனைத் தூண்டினேன், அவர் கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். துறவியிடம் பூர்வீகம் கேட்பது அவர்கள் பழக்கத்தில் மரியாதை இல்லையாம். இருக்கட்டும், ஆனால் எனக்கு வந்த எரிச்சல் உண்மை.

பையைக் கொடுத்துவிடச் சொல்லி அண்ணன் கண் காட்டினார். காலி செய்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பின்பக்கம் மணமக்கள் பெயருக்குக் கீழே அச்சடித்த மாலையும் கையுமான படத்தைப் பார்த்துச் சிரித்துத் திருப்பித் தந்துவிட்டார். கல்யாணப் பையோடு மடத்துக்குள் போனால் சிஷ்யர்கள் என்ன நினைப்பார்கள் என்றாராம்.

தட்டோனில் இறங்கினார். அங்கேயும் யாரும் வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

தன்லுவின் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது முழு இருட்டு. 2005-ல்தான் இந்தப் பாலம். அதற்கு முன்னால் மொட்டமாவில் இறங்கிப் படகு பிடிக்கவேண்டும். சாயங்காலம் சேரவேண்டிய ஊருக்கு ஒன்பது மணிக்கு மேல் சேர்ந்தோம். கோயில் நடை சாத்திவிட்டார்கள். வாசல் படியில் அகல்கள் எண்ணெய் வற்றிக் கிடந்தன. ஒரு சோற்றுக்கடை திறந்திருந்தது. கார்த்திகையும் அதுவுமாகக் கவுச்சி வேண்டாம் என்றால் வெறும் சோறும் பருப்பு ரசமும் புளிச்சகீரைக் குழம்பும்தான். 1,500 கியாட். இரண்டாவது தடவை சோறு போட்டதற்குக் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 11, புதன் - மோல்மீன்

1827-லிருந்து கால் நூற்றாண்டு பிரிட்டிஷ் பர்மாவுக்கு இதுதான் தலைநகர். இப்போது ஆற்றங்கரையில் காற்று வாங்குகிற ஊர். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நிழலுக்குப் போனால் சிலிர்க்கிறது. மலைமேல் பகோடாவுக்குச் செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்றிவிட்டு ஏறவேண்டும். உச்சி வெயிலில் சலவைக்கல்லில் நடந்த கதையை என் உள்ளங்கால் சொல்லும்.

கோயிலில் பெரியவர்கள் மூன்று பேர் திண்ணையில் இருந்தார்கள். பொங்கி கதையைச் சொன்னேன். தட்டோனில் அப்படிப் பள்ளிக்கூடமே கிடையாது, அது இதே ரயில்பாதையில் இருக்கிற சைட்டோவாக இருக்கும் என்றார் ஒருவர். இன்னொருவர், தட்டோனில் இருந்தது, நானே படித்தேன் என்றார். நீ எந்த வருஷம் படித்தாய், போர்டை மாற்றியது எந்த வருஷம் என்று ஆரம்பித்து, 64-ஆ 65-ஆ என்று காப்பி ஆறும்வரை போனது. மூன்றாமவர் கடைசியில் கேட்டார்: "கறுப்பா இருந்தா எல்லாரும் நம்மாளா? மோன்காரன்லயும் கறுப்பு உண்டு." எழுத்து தெரிந்திருக்கிறதே என்றேன். "எங்க பக்கத்து வீட்டுக் கரேன் இனத்துப் பையனுக்கும் தெரியும். எங்ககூடப் படிச்சவன்தான்." பர்மாவில் தமிழ் என்பது முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். நம் ஊரிலிருந்து வருகிற எல்லாரும் முகத்தைத்தான் தேடுகிறோம், நான் உட்பட.

மத்தியானம் டீக்கடையில் எல்லார் கண்ணும் டிவியில். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், ரோஹிங்கியா முஸ்லிம்கள் பற்றிய இனப்படுகொலை வழக்கில், பர்மா சார்பில் ஆங் சான் சூச்சி பேசுகிறார். கடையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, காசைத் தட்டில் போட்டு, போகலாம் என்றார். வெளியே வந்து வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ரயிலில் அவர் ஏன் பொங்கியிடம் கேள்வி கேட்கவில்லை என்ற எரிச்சல் அங்கே கொஞ்சம் குறைந்தது.

டிசம்பர் 12, வியாழன் - திரும்ப ரங்கூன்

ரயில் வேண்டாம் என்று உடம்பு சொன்னதால் பஸ். ஏ.சி. என்றால் ஐஸ் பெட்டி. போர்வை தருகிறார்கள், அதற்கு மேல் கரோக்கி வீடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். முன்சீட்டுக் குழந்தை எல்லாப் பாட்டுக்கும் ஆடியது.

அண்ணி ஐந்தாவது மாடிப் படிக்கட்டிலேயே முழுக் கதையையும் வாங்கிவிட்டார். "எம்.ஜி.ஆர்னு சொன்னதும் முகம் மலர்ந்துச்சுல்ல? அப்ப தமிழன்தான். கேஸ் முடிஞ்சுது."

கீழே பாய் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "உளவாளிக்கும் எம்ஜியாரத் தெரியும்மா. எனக்கே தெரியுமே."